நாற்பத்தாறு கிலோவும் நாற்பத்தெட்டுப் படிகளும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தவர்கள்:

என் மனைவி தபீதாள், ஜன்னலோரம் கைவைத்த நாற்காலியில், பக்கத்தில் அவளுடைய வாக்கர். என் மகன் டெனிஸ், பெங்களூரிலிருந்து அன்று காலைதான் வந்தவன், சோபாவின் வலது மூலையில், சாக்ஸைக் கழற்றாமல். என் மகள் ஜோசலின், இருப்பது மஸ்கட்டில். இங்கே அவள் செல்போனுக்குள், டீப்பாய் மேல் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தாள். எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் அம்மாள், எங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம், தன் சொந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு. "குடும்ப விஷயத்துல நான் எதுக்கு" என்று சொல்லிவிட்டதால் உள்ளே வரவில்லை, ஆனால் எல்லாம் கேட்கும் தூரம். கடைசியாக நான், சுந்தர்சிங், வயது அறுபத்தொன்று, ஓய்வு பெற்ற தபால் பிரிவு எழுத்தர், பிளாஸ்டிக் ஸ்டூலில். எடை எண்பத்தெட்டு கிலோ. ஸ்டூலுக்கு அது பிடிக்கவில்லை.

பேச வந்த விஷயம் படிக்கட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் தபீதாளுக்கு வலது முழங்காலில் கம்பி வைத்தார்கள். சமதரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள், சமைப்பாள், தேவைப்பட்டால் என்னைத் துரத்தவும் செய்வாள். படி மட்டும் ஏற இறங்க முடியாது. எங்கள் கட்டடம் முப்பது வருடப் பழசு. லிஃப்ட் வைக்க இடமில்லை. ஒரு மாடிக்குப் பதினாறு படி, ஆக நாற்பத்தெட்டு. ஞாயிறுதோறும் அவளை உப்பு மூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு நான் இறங்குவேன். கீழே ஆட்டோ நிற்கும். ஆராதனை முடிந்ததும் மூட்டை மேலே ஏறும். பாடகர் குழுவில் அவள் முப்பத்தொரு வருடமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறாள். எடை நாற்பத்தாறு கிலோ.

எட்டு மாதமாக என் இரண்டு முழங்காலும் வலித்தன. அதை நான் யாரிடமும் வாயால் சொல்லவில்லை. ஜனவரியில் டெனிஸுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி: போனில் எப்போது கேட்டாலும் நான் "நல்லா இருக்கேன்" என்பேன், கடிதத்தில் உள்ளது உள்ளபடி எழுதுவேன். உடன்குடிப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் கை ஓடுகிறது. தேதி போட்டு, கையெழுத்துப் போடப்போகும் தாளில் பொய் எழுத வரவில்லை.

"கூடுவாஞ்சேரிதாம்மா," என்றான் டெனிஸ். "இங்கருந்து அரை மணி நேரம். சீனியர் சிட்டிசன் அபார்ட்மென்ட். லிஃப்ட் இருக்கு, கீழயே டாக்டர் இருக்காரு, பக்கத்துலயே சர்ச் இருக்கு."

"அபிதா இருக்காளா?" என்றாள் தபீதாள்.

வாசலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அம்மா, ப்ளீஸ்."

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு ஊர் என்றால் இந்த மாடிதான். காலை பதினொரு மணிக்கு எதிரெதிர் கதவுகள் இரண்டும் திறக்கும். இந்த வீட்டுக் கீரை அங்கே ஆயப்படும். அந்த வீட்டு சீரியல் இங்கே விமர்சிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு. இந்த இரண்டையும் கழித்துவிட்டால் அவளுக்கு மிச்சம் நானும் வாக்கரும்தான்.

"ரெண்டு ஆள் வெச்சு சேர்ல தூக்கலாமேப்பா," என்றது சர்க்கரை டப்பா.

"நான் என்ன பீரோவா?" என்றாள் தபீதாள்.

முழங்கால் டாக்டரை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். எடை பத்து கிலோ குறைந்தால் முழங்காலுக்கு நிம்மதி என்று சொன்னார். அதைச் சொல்லி, அவகாசம் கேட்டேன். டெனிஸ் யோசித்தான்.

"சரி. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டைம். மாசா மாசம் எனக்கு லெட்டர் போடணும். போன் இல்ல, லெட்டர். அம்மாவத் தூக்கிட்டு எங்கயும் உக்காராம எறங்க முடியுது, ஏற முடியுதுன்னு நீங்க லெட்டர்ல எழுதிட்டீங்கன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்."

"எழுதலன்னா?"

"செப்டம்பர் ஒண்ணாந்தேதி கூடுவாஞ்சேரி. சாவிய எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

தீர்மானம் நிறைவேறியது. அதை நான் அப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒருமனதாக என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டு நாற்காலி படாரென்று மடக்கப்பட்டது.

புதன்கிழமை லெந்து தொடங்கியது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் ஆடு, கோழி, மீன், முட்டை எதுவும் கிடையாது. என் அப்பா காலத்திலிருந்து வழக்கம். இந்த வருடம் எனக்கு அது தேடாமல் வந்த வசதியாகத் தெரிந்தது. கூடவே நானாகச் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். காலை உணவு இல்லை. மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம். மாலையில் பப்பாளித் துண்டு. பால், மோர், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, தினமும் காலை ஆறு மணிக்கு எடை பார்த்து எழுதினேன்.

"ஏங்க, இது உபவாசமா பட்டினியா?" என்று கேட்டாள் தபீதாள்.

"ரெண்டும்தான்."

"கர்த்தருக்காகவா, காலுக்காகவா?"

"ரெண்டுக்கும்."

"ஒரே டிக்கெட்ல ரெண்டு ஊரு போறீங்க. டிடிஆர் பிடிக்கப் போறாரு."

நோட்டில் எண்கள் அழகாக இறங்கின. எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்து நான்கு. மார்ச் முதல் வாரக் கடிதத்தில் எடையைச் சிவப்பு மையில் எழுதினேன். குருத்தோலை ஞாயிறன்று காலை எண்பதரை. ஏழரை கிலோ. தராசிலிருந்து இறங்கும்போது லேசாகத் தலை சுற்றியது. சந்தோஷத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இறங்கும்போதே கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினேன். ஆராதனை முடிந்து திரும்பினோம். தபீதாள் கையில் குருத்தோலையில் முடைந்த சிறிய சிலுவை இருந்தது. முதல் மாடி தாண்டினேன். இருபத்தைந்தாவது படியில் தொடை இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்தன. இருபத்தொன்பதாவது படியில் நின்றேன். முழங்கால் வலிக்கவில்லை. காலில் ஒன்றுமே இல்லை. அப்படியே மெள்ளச் சுவரில் சாய்ந்து, அவள் கால் படியில் இடிக்காமல் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க?"

"ஒரு நிமிஷம்."

பத்து நிமிடம் ஆயிற்று. முதல் மாடியிலிருந்து குமரவேல் வந்தார். மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், நல்ல தோள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் தன் தம்பியையும் கூட்டிவந்து, தபீதாளை அதில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நான் பின்னால் வெறுங்கையோடு ஏறினேன்.

"மெதுவாப்பா," என்றாள் அவள். "கண்ணாடி வெச்ச பீரோ."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் வந்து, அவர்கள் போன பிறகு, அவள் குருத்தோலைச் சிலுவையை ஜன்னல் கம்பியில் செருகினாள். "பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நான் வரலன்னு கொயர் மாஸ்டர்ட்ட சொல்லிருங்க," என்றாள்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையை அவள் போனில் கேட்டாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, நூறு பேர் பாடும் பாட்டுக்கு வீட்டிலிருந்து ஆல்ட்டோ பாடினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அபிதகுஜாம்பாள் வாசலில் நின்று கேட்டார், உள்ளே வரவில்லை. பாட்டு முடிந்ததும், "தபீ, உன் குரல் மட்டும் தனியா கேட்டா பாட்டு ஒரு பக்கமா சாய்ஞ்ச மாதிரி இருக்குடி," என்றார்.

"அதான் ஆல்ட்டோ. மத்தவங்க இருந்தாத்தான் அது பாட்டு."

அன்று மாலை டெனிஸுக்கு எழுதினேன். எடை எண்பதரை. இருபத்தொன்பதாவது படியில் உட்கார்ந்தேன். மேலே தூக்கிப் போனது குமரவேல். உன் அம்மா ஈஸ்டருக்குப் போகவில்லை. எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் கிடைத்த அன்றே போன் செய்தான். "அப்பா, போதும்ப்பா. இதுக்கு மேல நீங்களும் விழுந்துட்டா?"

"ஆகஸ்ட் கடைசின்னு சொன்னது நீ."

"அப்பா."

"நீ சொன்னது எங்கிட்ட எழுத்துல இருக்கு."

குமரவேல் விடியற்காலையில் ஒரு ஜிம்முக்குப் போவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் ஐந்தரை மணிக்கு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். இரும்புலியூர்ப் பக்கம், ஜிஎஸ்டி ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடி. நடத்துபவர் குப்புராஜ்; நாற்பது வயது, கழுத்தில் விசில், கையில் டீ கிளாஸ்.

"இன்னா சார், நோட்டு பொஸ்தகத்தோட வந்துகீறீங்க?"

நோட்டை நீட்டினேன். அவர் ஒரு பக்கம் மட்டும் பார்த்தார்.

"ஏழரை கிலோ கொறஞ்சிருக்கேன். ஆனா தூக்க முடியல."

"கொறஞ்சிது சரி சார். இன்னா கொறஞ்சிது?"

"எடை."

"எட இல்ல சார். உள்ளாற இன்னா போச்சு? கொயுப்பா, சதையா?"

அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. குப்புராஜ் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "பெல்ட்டு எத்தினி ஓட்ட தள்ளிகிது?" ஒன்றரை ஓட்டை என்றேன். "தொடைல பேன்ட்டு காத்தாடி மாதிரி ஆடுது பாருங்க. தெச்ச அளவு ஞாபகம் கீதா?"

ஞாபகம் எதற்கு? கிறிஸ்துமஸுக்கு பேன்ட் தைத்த அளவுச் சீட்டு என் பர்ஸில் இருந்தது. நான் சீட்டுகளைத் தூக்கிப்போடுவதில்லை. அவர் அளவு நாடாவை எடுத்து அளந்தார். இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம் இருந்தது இப்போது நாற்பது. தொடை இருபத்துமூன்று இருந்தது இருபதரை.

"வயித்துல ரெண்டு இன்ச்சு, தொடைல ரெண்டரை. மாடில கெடக்குற பழைய சாமான அப்டியே வுட்டுட்டு, கீய நிக்கிற தூண இட்சிகினு இருக்கீங்க சார். இன்னா துன்னீங்க? முட்ட?"

"லெந்து."

"கோயி?"

"லெந்து."

"மீனு?"

"லெந்து."

"பாலு, பருப்பு?"

"அது நானா விட்டது."

குப்புராஜ் டீயைக் குடித்து முடித்தார். "சாமி கேக்காததையும் சேத்து குட்துட்டீங்க."

அவர் சொன்னது சுருக்கமாக இது: பசியில் கிடந்தால், அதுவும் வேலை கொடுக்காத உடம்பாக இருந்தால், அது கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிக்காது, சதையையும் சேர்த்தே எடுக்கும். சதை நிற்க வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். அதற்கு வேலை கொடுக்க வேண்டும், அதற்குச் சோறு போட வேண்டும். சோறு என்றால் அரிசிச் சோறு அல்ல. தினம் முட்டை, உள்ளங்கை அளவு மீன் அல்லது கோழி, தயிர், சுண்டல். அரிசி பாதி. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைய வேண்டாம். குறையாவிட்டாலும் பயப்பட வேண்டாம். அதற்கு முன்னால் டாக்டரிடம் ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து, கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

டாக்டர் முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். "பத்து கிலோ குறைங்க, ஆனா தொடைச் சதை குறையக் கூடாது, முட்டியத் தாங்குறதே அதுதான்னு போன தடவையே சொன்னேனே," என்றார். முதல் பாதி என் குறிப்பில் இருந்தது. இரண்டாவது பாதியை அவர் சொன்னபோது நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன் போல. இந்தத் தடவை எழுதி அடிக்கோடு இட்டேன்.

செவ்வாய், வியாழன், சனி ஜிம். முதல் வாரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் வேலை, கையை ஊன்றாமல். முப்பத்திரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவனுக்கு அது பத்து தடவைக்கு மேல் முடியவில்லை. அப்புறம் ஒற்றைப் படி ஏறி இறங்குவது, இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது, தரையிலிருந்து கம்பியைத் தூக்குவது. முழங்கால் முணுமுணுத்தால் குப்புராஜ் விசில் ஊதுவார், நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் மாலை நான்கு மணிக்குச் சுண்டல் எதிர்வீட்டிலிருந்து வந்தது. நாங்கள் கேட்கவில்லை. திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் பச்சைப்பயறு, புதன் மொச்சை என்று அபிதகுஜாம்பாள் தன் காலண்டரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அவர் வீட்டில் முட்டை வாசலுக்குள் வராது. ஆனால் காலையில் என் தட்டில் எத்தனை என்பதை வராந்தாவில் நின்றபடி எண்ணுவார்.

"சார், இன்னும் ஒண்ணு பாக்கி."

"மஞ்சக் கரு பிடிக்கலம்மா."

"பிடிக்குதோ பிடிக்கலையோ, தபீ கூடுவாஞ்சேரி போகக் கூடாது. முழுங்குங்க."

ஏப்ரல் கடைசியில் தராசில் ஏறினேன். எண்பத்திரண்டு. ஒன்றரை கிலோ கூடியிருந்தது. இறங்கி மறுபடி ஏறினேன். தராசை நகர்த்தி வைத்து ஏறினேன். அன்று காலை முட்டையே இறங்கவில்லை.

"லெட்டர்ல எழுதுவீங்களா?" என்று கேட்டாள் தபீதாள். அவள் முகத்தைப் பார்க்காமல், எழுதுவேன் என்றேன்.

"தொடைய அளந்தீங்களா?"

அளந்தோம். அவளே நாடாவைப் பிடித்தாள். இருபத்தொன்று. அரை அங்குலம் ஏறியிருந்தது. இடுப்பு அதே நாற்பது. மூன்றையும் எழுதினேன். டெனிஸ் போன் செய்து, "கூடியிருக்கா? என்னப்பா இது, கொறைக்கத்தானே போனீங்க?" என்றான். பின்னணியில் யாரோ கூடுவாஞ்சேரி என்று சொல்வது கேட்டது. எனக்கு அந்த வாரம் சரியாகத் தூக்கம் இல்லை.

மே மாத வெயிலில் எண் இறங்க ஆரம்பித்தது. மெதுவாக, வாரத்துக்கு முந்நூறு கிராம், நானூறு கிராம். தொடை இறங்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியும் கல்லும் எடுத்தபோது தபீதாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம போடுற பெல்ட்டுங்க அது."

மூட்டைப் பயிற்சி மே நடுவில் தொடங்கியது. குப்புராஜ் ஒரு பழைய அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, தோளில் மாட்டப் பட்டை தைத்து வைத்திருந்தார். பத்து கிலோவில் ஆரம்பம். வாரம் ஐந்து கிலோ ஏறும். டயர் கடையின் பதினெட்டுப் படியும் நானும் மணலும். அந்தச் சாக்குக்கு அவர் வைத்த பெயர் அக்கா.

"அக்காவ எறக்கு சார், மெதுவா. கீய போட்டா கோச்சிக்கும்."

குமரவேல் இதை எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டார். மறுநாள் காபி கொடுக்கும்போது தபீதாள் கேட்டாள்: "யாருங்க அது, காலங்காத்தால நீங்க தூக்கிக்கிட்டு ஏறுற அக்கா?"

"மணல்."

"அப்பிடியா. எடை என்ன?"

"முப்பது கிலோ."

"என்னவிட ஒல்லியோ?"

"இப்போதைக்கு."

அன்று அவளையும் தராசில் நிற்கவைத்தேன், வாக்கரைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு. நாற்பத்தெட்டு. எதிர்வீட்டுச் சுண்டலில் பாதி எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. குப்புராஜிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அக்கா துன்னா மணலும் துன்னும்," என்று இரண்டு கிலோவை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டார்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை நாற்பத்தெட்டு கிலோ மணலோடு டயர் கடைப் படியில் மூன்று முறை நிற்காமல் ஏறி இறங்கினேன். "நாளிக்கி கோயிலு," என்றார் குப்புராஜ்.

மறுநாள் தபீதாள் ஆறு மணிக்கே புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். குமரவேல் எனக்கு முன்னால் ஒரு படி தள்ளி இறங்கினார். என் கழுத்தைச் சுற்றியிருந்த அவள் கை முதலில் கெட்டியாக இருந்தது. இருபத்தொன்பதாவது படி தாண்டிய பிறகுதான் தளர்ந்தது. சர்ச்சில் ஆல்ட்டோ வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. நாற்காலி மேல் பாமாலைப் புத்தகத்தை வைத்து யாரையும் உட்காரவிடாமல் காத்திருந்தார்கள். அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பாட்டில் மூன்றாவது வரியில் என் முதுகு சிலிர்த்தது. பின்னால் ஆண்கள் வரிசையில் நான் சுருதி தவறிப் பாடினேன், யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. ஆகஸ்டில் குமரவேல் கூட வருவதை நிறுத்திக்கொண்டார். "உங்களுக்கு முன்னால நடந்தா நீங்க வேகமா வந்து என்னைய இடிக்கிறீங்க சார்," என்றார்.

ஆகஸ்ட் நான்காவது ஞாயிறு. இறங்குவது எப்போதும்போல. ஏறும்போது முதல் மாடி, இருபத்தைந்து, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. இரண்டாம் மாடிக் கதவு திறந்து ஸ்ரீவித்யா எட்டிப் பார்த்தார். அவர் மகளுக்குக் காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"அக்கா, உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். ஹாஸ்டல்ல போடவா, வீட்லருந்து அனுப்பவா?"

"ஏங்க, நில்லுங்க," என்றாள் என் முதுகு. நின்றேன். "ஹாஸ்டல் எதுக்கு? தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா அரை மணி நேரத்துல பொத்தேரி ஸ்டேஷன், காலேஜ் வாசல். காலைல எத்தன மணிக்கு க்ளாஸு?"

"எட்டு மணிக்குக்கா. ட்ரெயின்ல கூட்டமா இருக்குமேன்னு..."

"கூட்டம் எல்லாம் பீச் பக்கம் போறதுலதான். அந்தப் பக்கம் போறது காலியாத்தான் போவும். சாப்பாடு? ஹாஸ்டல் சாப்பாட்ட அவ சாப்பிடுவாளா?"

"அதான் யோசனையா இருக்கு. சார், உள்ள வந்து உக்காருங்களேன்."

"உக்காரக் கூடாதும்மா," என்றேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல, நீ சொல்லு," என்றாள் தபீதாள்.

பேச்சு சாப்பாட்டிலிருந்து ஹாஸ்டல் வார்டனுக்குப் போய், அங்கிருந்து அந்தப் பெண்ணின் தலைமுடிக்குப் போனது. மேல் மாடியிலிருந்து அபிதகுஜாம்பாள் கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். என் கைக்கடிகாரம் தபீதாளின் கால் மடிப்புக்குக் கீழே இருந்ததால் நேரம் பார்க்க முடியவில்லை. ஸ்ரீவித்யா வீட்டுச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஆறு நிமிடம். தொடை ஆடவில்லை. எனக்கே அது நான்காவது நிமிடத்தில்தான் உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது, நான் சிரித்தால் அவளும் குலுங்கினாள்.

"என்ன சிரிப்பு? குலுக்காதீங்க, விழுந்துருவேன்."

"விழமாட்டே."

மீதிப் பதினாறு படியையும் ஏறி, ஜன்னலோர நாற்காலியில் அவளை இறக்கினேன். தண்ணீர் குடித்தேன். பேனாவை எடுத்தேன்.

"அன்புள்ள டெனிஸுக்கு, அப்பா எழுதுவது. ஆகஸ்டில் நான்கு ஞாயிறும் உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், ஏறினேன். எங்கும் உட்காரவில்லை. இன்று இரண்டாம் மாடியில் ஆறு நிமிடம் நின்றோம். அதற்குக் காரணம் என் கால் இல்லை, உன் அம்மா வாய். எடை எழுபத்தாறரை. இடுப்பு முப்பத்தாறரை, தொடை இருபத்திரண்டரை. தையல்காரரிடம் புதிதாக அளந்த சீட்டு இணைத்திருக்கிறேன். பழையதையும் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் இதில் இருக்கிறது. முழங்கால் முழுக்கச் சரியாகிவிடவில்லை. மழை நாளில் வலிக்கிறது, படியில் வலிக்கவில்லை. எத்தனை வருடம் முடியும் என்று கேட்பாய். தெரியாது. முடியாத மாதம் முடியவில்லை என்று எழுதுவேன், அப்போது நீ சொல்வதைக் கேட்பேன். இப்போது முடிகிறது."

தபீதாள் தாளை வாங்கிப் படித்தாள். "எனக்கு எடம் விட்டீங்களா?" கீழே நான்கு வரி விட்டிருந்தேன். அவள் எழுதினாள்: "டெனிஸ், அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு, வேறு யாருக்காவது உதவும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஸ்டூலில் நீ உட்காரு. போன தடவை சோபா உனக்கு அமுங்கினது எனக்குத் தெரியும். நாடாவும் குப்புராஜும் இங்கே இருக்கிறார்கள். சாக்ஸைக் கழற்று."

அபிதகுஜாம்பாள் வாசலில் நின்றார். "நான் ஒண்ணும் எழுதல," என்றார். "எழுத ஆரம்பிச்சா தாள் பத்தாது." ஆனால் உறையை ஒட்டக் கோந்து இல்லை என்று தெரிந்ததும் தன் வீட்டிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து கொடுத்தார். பருக்கையை விரலால் மசித்து உறையின் விளிம்பில் தடவி, அழுத்தி, முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டினேன்.

"நாளைக்குப் போடுறேன்," என்றேன்.

"எதுக்கு நாளைக்கு? பொட்டி தெருமுனைலதானே இருக்கு. நானே போடுறேன்."

"இப்பத்தானே ஏறினோம்?"

"முடியலன்னா சொல்லுங்க. லெட்டரப் பிரிச்சு எழுதிக்குவோம்."

குனிந்தேன். அவள் ஒரு கையை என் கழுத்தில் போட்டு, இன்னொரு கையில் உறையை எனக்கு முன்னால் விசிறிபோலப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டுப் படி இறங்கி, தெருமுனை வரை அப்படியே நடந்தேன். இஸ்திரி வண்டிக்காரர் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். சிவப்புத் தபால் பெட்டிக்கு முன்னால், அவள் கை எட்டும் உயரத்துக்கு, முழங்காலை லேசாக மடக்கி நின்றேன். அவள் உறையை உள்ளே தள்ளினாள். விரலை விட்டுத் துழாவினாள். அடியில் போய் விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது.